கால்பந்து வீரர் ஐ. எம். விஜயன்: வாழ்வும் வரலாறும்

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் பந்தாட்டக்காரர் ஒருவருக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஏடும் எழுதுகோலும் நம் தெருக்களுக்கு வந்து சேர வேண்டும் என்றே உழைத்து வந்துள்ளது. ஆயினும் கல்வி என்பது ஏட்டோடு முடிவதன்று. உடலை ஆளக் கற்பதும், பதினொருவர் கூடி ஒரு நோக்கத்துக்காக ஓடக் கற்பதும், தோற்ற பின் மறுநாள் காலையில் மீண்டும் களத்துக்கு வரக் கற்பதும் கல்வியே. அக்கல்வி ஒரு ஏழைச் சிறுவனை எங்கே கொண்டு சேர்த்தது என்பதையும், அவனுக்கு எந்தெந்தக் கதவுகள் திறந்தன என்பதையும் நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மதுரை வட்டாரத்து மக்களில் பலர் ஐ. எம். விஜயனைத் திரையிலேயே கண்டிருப்பர். 2006இல் வெளிவந்த 'திமிரு' என்னும் படத்தில் முரடராக வந்து கதைத்தலைவனை மிரட்டியவர் அவர். 'கொம்பன்', 'பிகில்' ஆகிய படங்களிலும் அவரைக் காணலாம். அம்முரட்டு முகத்துக்கு உரியவர் இந்தியக் கால்பந்து அணியின் தலைவராக இருந்தவர் என்பதும், நாட்டின் தலைசிறந்த கால்பந்து வீரர் என்னும் விருதை மூன்று முறை பெற்றவர் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி.

அவர் எந்தக் குலத்தில் பிறந்தார் என்று பார்த்து நாம் இதனை எழுதவில்லை. எந்த வாசலில் நின்று வாழ்க்கையைத் தொடங்கினார் என்று பார்த்தே எழுதுகிறோம். அந்த வாசல் நம் பிள்ளைகளுக்குப் பழகிய வாசல்.

விளையாட்டுக் களமும் தீண்டாமையும்

விஜயனின் வரலாற்றுக்குள் புகுமுன், அவருக்கு நூறாண்டு முற்பட்ட ஒருவரை நினைவுகூர்தல் பொருத்தமாகும். பல்வங்கர் பாலு என்பவர் 1876இல் தார்வாடில் பிறந்தவர். தோல் தொழிலுக்குரிய சமார் குலத்தவர். புனா நகரில் ஆங்கிலேயரின் கிரிக்கெட் மைதானத்தைச் செப்பனிடும் கூலியாளாகப் பணியாற்றினார். ஓய்ந்த நேரங்களில் வெள்ளைக்காரர்களின் பயிற்சிக்காகப் பந்து வீசி வீசியே இந்தியாவின் தலைசிறந்த பந்து வீச்சாளர்களில் ஒருவராக உயர்ந்தார். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் இடம்பெற்று 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இத்தகைய வீரரை அவருடைய அணியினர் எவ்வாறு நடத்தினர்? களத்தில் அவர் வீசிய பந்தை மற்றவர்கள் தொட்டனர். ஆனால் இடைவேளையில் அவருக்குத் தேநீர் அரங்குக்கு வெளியே, தனி மண்குவளையில் வழங்கப்பட்டது. அவர் கைபட்ட பந்துக்கு இல்லாத தீட்டு அவர் வாய்பட்ட குவளைக்கு மட்டும் வந்துவிட்டது. இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்கு இறுதிவரை தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல் அப்பதவியை ஏற்றபோதுதான் அக்கதவு திறந்தது. 1955இல் பாலு மறைந்தார்.

நம் மதுரை மண்ணின் வரலாற்றையும் இதனோடு இணைத்துப் பார்க்கலாம். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயரின் தலைமையில் மேலூர்ப் பகுதித் தும்பைப்பட்டியைச் சேர்ந்த பி. கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அவ்வாறு கோயிலுக்குள் அடியெடுத்து வைத்த கக்கனே பிற்காலத்தில் இம்மாநிலத்தின் காவல்துறையைக் கையில் கொண்ட உள்துறை அமைச்சராக விளங்கினார். கோயில் வாசல், பள்ளி வாசல், அலுவலக வாசல் என்று நம் முன்னோர் ஒவ்வொன்றாகத் திறந்த வாசல்களின் வரிசையில் விளையாட்டுக் களத்தின் வாசலும் ஒன்று. அது எல்லா ஊர்களிலும் முழுமையாகத் திறந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்து நம்மால் கூற இயலுமா?

ஏழையின் ஆட்டம்

கால்பந்து ஆங்கிலேயருடைய படைகளோடும் பள்ளிகளோடும் இந்நாட்டுக்கு வந்த ஆட்டம். எனினும் வந்த வேகத்தில் அது ஏழையின் ஆட்டமாயிற்று. மட்டை வேண்டா, வலை வேண்டா, வெள்ளை உடை வேண்டா. உருண்டையாக ஏதேனும் ஒன்று கிடைத்தால் போதும். உலகப் புகழ் பெற்ற பிரேசில் நாட்டு வீரர் பெலே சிறுவனாக இருந்தபோது காலணிகளுக்கு மெருகிட்டுக் காசு சேர்த்தவர். பழைய காலுறைக்குள் துணியை அடைத்துப் பந்தாக்கி உதைத்தவர். 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பகான் அணியினர் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது, அவர்களுள் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடனேயே ஆடினர். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கிலும் நம் வீரர்களில் பலர் காலணியின்றியே ஆடினர்.

இந்த வெறுங்கால் என்னும் சொல் நமக்குச் சுருக்கென்று தைக்கும். விருப்பத்தால் வெறுங்காலோடு ஆடுவது வேறு. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டது வேறு. நம் தாத்தாக்களில் எத்தனையோ பேர் இரண்டாவது வகையில் நடந்தவர்கள். அவர்களுடைய பேரன் காலில் ஆட்டக் காலணியை மாட்டிக்கொண்டு, ஊரார் அனைவரும் பார்க்கப் பொது மைதானத்தில் ஓடுவது வெறும் பொழுதுபோக்கு என்று நமக்குத் தோன்றவில்லை.

தமிழர்களும் இந்த ஆட்டத்தில் பின்தங்கியவர்கள் அல்லர். படைத்துறையில் பணியாற்றிய பீட்டர் தங்கராஜ் 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கப்பதக்கம் வென்ற இந்திய அணியின் கோல் காவலர்களுள் ஒருவர். 1960இல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் சைமன் சுந்தரராஜ். அதன் பின் இன்றுவரை இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் களத்தில் இறங்கவே இல்லை. ஆதலின் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் தமிழ்நாட்டு வீரர் ஒருவருடையதாகவே இன்னும் நிற்கிறது.

பிறப்பும் இளமையும்

விஜயன் 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் கேரளத்தின் திருச்சூர் நகரில் பிறந்தார். தந்தையார் மணி; தாயார் கொச்சம்மு. அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்னும் நிலையிலிருந்த குடும்பம். தந்தையாரை அவர் இளமையிலேயே இழந்தார். குடும்பத்தின் பாரம் தாயார் தோளில் இறங்கியது. அதில் ஒரு பகுதியைச் சிறுவனும் சுமக்க நேர்ந்தது.

திருச்சூர் நகராட்சி விளையாட்டரங்கில் கால்பந்துப் போட்டிகள் நடக்கும்போது கூட்டம் அலைமோதும். அக்கூட்டத்தினிடையே சிறுவன் விஜயன் சோடா விற்றான். ஒரு புட்டிக்கு அவனுக்குக் கிடைத்தது 10 பைசா. மற்றவர்கள் காசு கொடுத்து உள்ளே வந்து ஆட்டம் கண்டனர். இவனோ சோடாப் புட்டிகளைச் சுமந்துகொண்டு உள்ளே வந்து ஆட்டம் கற்றான். விற்றுக்கொண்டே பார்த்தான், பார்த்ததை மாலையில் வெறுங்காலோடு உதைத்துப் பழகினான்.

அந்நகரின் சி.எம்.எஸ். உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். கல்லூரிக்குச் சென்று பட்டம் பெறும் வழி அவருக்குத் திறக்கவில்லை. வறுமை பள்ளிப்பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குவது நமக்குப் புதிய செய்தியன்று. ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் நாம் காணும் செய்தியே அது.

ஆயினும் அச்சிறுவனுக்கு வேறொரு கதவு திறந்தது. திருச்சூரில் சிறுவர்களுக்கான கால்பந்துப் பயிற்சி முகாம்கள் நடந்து வந்தன. டி. கே. சாத்துண்ணி போன்ற தேர்ந்த பயிற்சியாளர்களின் கண்ணில் அவன் பட்டான். பந்தை அடக்குவது, உடலைத் திருப்புவது, இரு காலாலும் உதைப்பது, ஆள் இல்லாத இடத்தைக் கண்டு ஓடுவது ஆகியவற்றை முறையாகக் கற்றான். இயற்கை தந்த வேகத்துக்கு ஆசிரியர் ஒரு வடிவம் கொடுத்தார். 2024இல் மறைந்த சாத்துண்ணி, பிற்காலத்தில் மோகன் பகான் உள்ளிட்ட பெரிய அணிகளைப் பயிற்றுவித்துத் தேசிய வாகை சூடச் செய்தவர். அத்தகையவரின் கை ஓர் ஏழைச் சிறுவனின் தோளில் விழுந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

காவல்துறை அணியில்

அக்காலத்தில் கேரளக் காவல்துறையின் தலைவராக இருந்தவர் எம். கே. ஜோசப். காவல்துறைக்கென்று சிறந்த கால்பந்து அணி ஒன்றை அமைக்க வேண்டும் என்னும் முனைப்புக் கொண்டவர். பதினேழு வயது விஜயனின் ஆட்டத்தைக் கண்டு அவ்வணிக்கு அழைத்துக்கொண்டார். பணியில் சேரும் வயது நிரம்பாமையால் முதலில் விருந்தின ஆட்டக்காரராகவே ஆடிய விஜயன், வயது நிரம்பியதும் 1987இல் காவலராகப் பணியமர்த்தப்பட்டார்.

மாதம் பிறந்தால் சம்பளம், தாய்க்கு ஒரு நிம்மதி, காலுக்கு நல்ல காலணி, வயிற்றுக்கு நிறைந்த உணவு! இவை கிடைத்த பின்னரே அவருடைய ஆற்றல் முழுமையாக மலர்ந்தது என்பதை நாம் மறக்கலாகாது. பசித்த வயிற்றோடு தொண்ணூறு நிமிடம் ஓட எந்த மேதையாலும் இயலாது.

அந்த அணியில் வி. பி. சத்யன், சி. வி. பாப்பச்சன், யு. ஷரப் அலி, கே. டி. சாக்கோ, குரிகேஷ் மாத்யூ எனப் பெருவீரர்கள் பலர் இருந்தனர். 1990இல் பெடரேஷன் கோப்பைப் போட்டி திருச்சூரிலேயே நடைபெற்றது. கோவாவின் சல்கோகர் அணியை இறுதியாட்டத்தில் வென்று கேரளக் காவல்துறை அணி கோப்பையைக் கைப்பற்றியது. கேரள அணி ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. சோடா விற்ற சிறுவன் தன் ஊர் மக்களின் முன்னிலையிலேயே வெற்றி வீரனாக நின்றான். மறு ஆண்டு கண்ணூரிலும் அதே அணி மீண்டும் வென்றது.

கொல்கத்தாவும் பஞ்சாபும்

இந்தியக் கால்பந்தின் தலைநகரம் கொல்கத்தா. அங்கே ஆடிப் புகழ்பெறாதவரைப் பெரிய வீரர் என்று எவரும் ஒப்புக்கொள்வதில்லை. 1991இல் மோகன் பகான் அணி விஜயனை அழைத்தது. அரசு வேலையின் பாதுகாப்பை விட்டு வெளியூர் செல்வது எளிய முடிவன்று. அவர் சென்றார், இடையில் காவல்துறை அணிக்குத் திரும்பினார், மீண்டும் மோகன் பகானுக்குச் சென்றார். மொழி தெரியாத நகரத்தில் அவருடைய கால்களே அவருக்காகப் பேசின.

1994இல் பஞ்சாப் மாநிலம் பக்வாராவின் ஜே.சி.டி. ஆலை அணியில் சேர்ந்தார். அங்கே சிக்கிம் மாநிலத்து இளைஞர் பாய்ச்சுங் பூட்டியா அவருடன் இணைந்தார். தெற்கு மூலையிலிருந்து வந்தவரும் வடகிழக்கு மலையிலிருந்து வந்தவரும் சேர்ந்து எதிரணிகளைக் கலங்கடித்தனர். அவ்வணி 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் பெடரேஷன் கோப்பையையும், 1996-97இல் நாட்டில் முதன்முதலாக நடத்தப்பட்ட தேசியக் கால்பந்து லீக்கையும் வென்றது.

1997இல் கேரளத்தில் எப்.சி. கொச்சின் என்னும் தொழில்முறை அணி தொடங்கப்பட்டபோது விஜயன் தம் மாநிலத்துக்குத் திரும்பினார். அதே ஆண்டு அவ்வணி டூரண்டு கோப்பையை வென்றது. பழம்பெருமை வாய்ந்த அக்கோப்பையைக் கேரள அணி ஒன்று வென்றது அதுவே முதல் முறை. எனினும் பணமுடை காரணமாகச் சில ஆண்டுகளிலேயே அந்த அணி கலைந்து போயிற்று. பின்னர் ஈஸ்ட் பெங்கால், மீண்டும் ஜே.சி.டி., கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் ஆகிய அணிகளில் ஆடி, இறுதியாக 2006இல் ஈஸ்ட் பெங்கால் அணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு முன்னணி ஆட்டக்காரர் கால்களைக் காத்துக்கொண்டது அவருடைய ஒழுக்கத்துக்குச் சான்று.

நாட்டுக்காக

1990களின் தொடக்கம் முதல் 2003 வரை விஜயன் இந்திய அணிக்கு ஆடினார். 1993, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் தெற்காசியக் கால்பந்து வாகையர் பட்டத்தை இந்தியா வென்ற காலம் அவருடைய காலமே. 1999இல் காத்மாண்டுவில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12ஆம் நொடியிலேயே அவர் கோல் அடித்தார். பன்னாட்டு ஆட்டங்களில் மிக விரைவாக அடிக்கப்பட்ட கோல்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

2003இல் ஐதராபாத்தில் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. கால்பந்தில் அது முதுமை. ஆயினும் நான்கு கோல்கள் அடித்து அப்போட்டியில் மிகுதியான கோல் அடித்தவராக விளங்கினார். இறுதியாட்டத்தில் உஸ்பெகிஸ்தானிடம் தோற்று இந்தியா வெள்ளிப் பதக்கம் பெற்றது. அத்துடன் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து அவர் விடைபெற்றார். அவ்வாண்டே அருச்சுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

கறுப்பு மான்

அவருடைய வேகத்தையும் துள்ளலையும் கண்ட மக்கள் 'கறுப்பு மான்' என்று அவருக்குப் பெயரிட்டனர். வங்காளிகள் அதனையே 'காலோ ஹரிண்' என்றனர். 1998இல் செரியன் ஜோசப் என்பார் எடுத்த செய்திப்படத்துக்கும் அதுவே பெயராயிற்று. நம் நாட்டில் கறுப்பு என்னும் நிறம் எத்தனை வசைகளுக்கு அடைமொழியாகியிருக்கிறது என்பதை நாம் அறிவோம். நிறத்தைச் சொல்லிக் குழந்தையை அழவைக்கும் சமுதாயத்தில், அதே நிறத்தைச் சொல்லி இலட்சம் பேர் எழுந்து நின்று ஆரவாரிக்கும்படி செய்தார் இவர். சொல் மாறவில்லை, சொல்லின் மதிப்பு மாறிற்று.

2000இல் ஜெயராஜ் இயக்கிய 'சாந்தம்' என்னும் மலையாளப் படத்தில் அவர் நடித்தார். அப்படம் நாட்டின் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. தமிழ்ப்படங்களில் வந்த கதையை முன்னரே கூறினோம். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் மீண்டும் காவல்துறைப் பணியில் இணைந்து, 2025 ஏப்ரலில் மலபார் சிறப்புக் காவல் படையின் அதிகாரியாகப் பணி நிறைவு செய்தார். காவலராகச் சேர்ந்தவர் அதிகாரியாக வெளியேறினார். அவ்வாண்டே இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. திருச்சூரின் லாலூர் என்னும் பகுதியில், நெடுங்காலம் நகரத்துக் குப்பையெல்லாம் கொட்டப்பட்ட இடத்திலே, இன்று அவர் பெயர் தாங்கிய விளையாட்டு வளாகம் எழுந்து நிற்கிறது. ஊரின் குப்பை எப்போதும் ஏழைகளின் குடியிருப்பை ஒட்டியே கொட்டப்படுவதைக் கண்டு பழகிய நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது.

நாணயத்தின் மறுபக்கம்

ஒளியை மட்டும் காட்டி நிழலை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. விஜயனோடு காவல்துறை அணியில் ஆடிய வி. பி. சத்யன் அவருக்குச் சற்றும் குறையாத வீரர். 1992இல் கோயம்புத்தூரில் நடைபெற்ற சந்தோஷ் கோப்பைப் போட்டியில் கேரளம் அவருடைய தலைமையில் வென்றது. 1995இல் சென்னையில் தெற்காசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்திய அணிக்கும் அவரே தலைவர். பின்னர்ச் சென்னையில் இந்தியன் வங்கியில் பணியாற்றி வந்தார். காலில் ஏற்பட்ட காயங்களாலும் மனச்சோர்வாலும் வருந்திய அவர், 2006 ஜூலையில் சென்னைப் பல்லாவரத்தில் துயரமான முறையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

ஆட்டக்காரனின் புகழ் கால்களின் மேல் நிற்கும் கட்டடம். முப்பத்தைந்து வயதில் கால் தளரும். அதற்குப் பின் முப்பது நாற்பது ஆண்டு வாழ்க்கை மீதியிருக்கும். காயம்பட்ட கால் பத்தொன்பது வயதிலேயே ஆட்டத்தை முடித்துவிடவும் கூடும். அவ்வேளையில் கையைப் பிடித்துத் தூக்குவதற்குக் கல்வியும், நிலையான பணியும், மனம்விட்டுப் பேசத் தோழரும் வேண்டும். இதனை மறந்து பிள்ளைகளைக் களத்துக்கு மட்டும் துரத்துவது அவர்களுக்கு நாம் செய்யும் தீங்காகும்.

நான்கு கதவுகள்

விஜயனின் வரலாற்றை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். திறமை ஒன்றினால் மட்டும் அவர் உயரவில்லை. திறமைக்கு முன்னே நான்கு கதவுகள் அடுத்தடுத்துத் திறந்தன. முதலாவது, சோடா விற்பவனாகவேனும் நுழைய முடிந்த ஒரு பொது மைதானம். இரண்டாவது, தெருப்பிள்ளை என்று ஒதுக்காமல் கற்பித்த பயிற்சியாளர். மூன்றாவது, ஆட்டத்தைக் கண்டு அரசு வேலை தந்த அதிகாரி. நான்காவது, பிள்ளையைத் தடுக்காத தாய். இவற்றுள் ஒன்று மூடியிருந்தாலும் திருச்சூர் வீதியில் இன்னொரு சோடா வியாபாரி இருந்திருப்பார். கறுப்பு மான் இருந்திராது. அவ்வாறு கதவு மூடப்பட்டு மறைந்த விஜயன்கள் நம் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் எத்தனை பேரோ! அவர்களுடைய வரலாற்றை எழுத எந்த ஏடும் இல்லை.

முதற்கதவைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். முறையான கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். கால்பந்து செலவற்ற ஆட்டம் என்றோம். பந்துக்குச் செலவில்லை, நிலத்துக்கு உண்டு. அந்த ஒன்றே முக்கால் ஏக்கர் நம் குடியிருப்புகளில் எங்கே இருக்கிறது? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892இல் பிறந்த ஆணைப்படி நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் மாநிலமெங்கும் சுமார் 12 இலட்சம் ஏக்கர் என்பர். அதில் பெரும்பகுதி கைமாறிப் போனது. நிலம் போனபோது பயிரிடும் இடம் மட்டும் போகவில்லை. நம் பிள்ளைகள் ஓடும் இடமும் போயிற்று.

எஞ்சியிருப்பது ஊர்ப்பொது மைதானமும் பள்ளி மைதானமுமே. அவை எவருடைய தனியுடைமையும் அல்ல. அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, அரசுப் பணத்தில் பேணப்படும் கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைப் பயன்படுத்த சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது எனத் தெளிவாகக் கூறுகிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்குக் காவலாக நிற்கின்றன. ஆதலால் பொது மைதானத்தில் நம் பிள்ளை ஆடுவது எவரும் இடும் பிச்சையன்று. சட்டம் அளித்த உரிமை. அவ்வுரிமையைச் சச்சரவின்றியும் தளர்ச்சியின்றியும் நிலைநாட்ட வேண்டியது பெரியவர்களின் கடமை. பந்தை எடுத்துக்கொண்டு தனியே போகும் பன்னிரண்டு வயதுச் சிறுவன்மேல் அப்பாரத்தை ஏற்றிவிடலாகாது.

ஏடும் பந்தும்

'விளையாடினால் படிப்புக் கெடும்' என்று அஞ்சும் பெற்றோர்க்கு ஒரு சொல். மூன்றாவது கதவு இன்று எவ்வாறு இருக்கிறது என்பதைக் காணுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. காவல்துறை, இரயில்வே, படைத்துறை ஆகியவற்றிலும் வீரர்களுக்கு இடம் உண்டு. ஆனால் அவ்வாசலில் நிற்பவரிடம் சான்றிதழ் கேட்கப்படும். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குக்கூடப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். கோல் அடித்த கையெழுத்தும் வேண்டும். தேர்வு எழுதிய கையெழுத்தும் வேண்டும். ஒன்றை விட்டவர்க்கு மற்றொன்று பயன் தராது.

பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நாடெங்கும் பரவியிருப்பதை நாமறிவோம். தேர்ச்சி விழுக்காட்டைக் கருதியே அவ்வாறு செய்கின்றனர். ஆயினும் பள்ளி மைதானம் ஒன்றைத் தவிர வேறு மைதானம் இல்லாத பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிடமும் போய்விட்டால் பின்பு எங்கே ஓடுவான்? வசதி படைத்த பிள்ளை மாலையில் கட்டணம் செலுத்திப் பயில்வான். நம் பிள்ளைக்கு அரசுப் பள்ளியே விளையாட்டரங்கம்.

இனி நம் சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். மாலைப் படிப்பகம் நடக்கும் ஒவ்வொரு குடியிருப்பிலும் படிப்புக்கு முன் ஒரு மணி நேரம் விளையாட்டு நடக்கட்டும். விளையாட வந்தவன் படிப்பகத்திலும் அமர வேண்டும் என்பது விதியாகட்டும். ஆறாம் வகுப்பு முதலே ஆர்வமுள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து, மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளின் தேர்வுக்கு அழைத்துச் செல்ல ஓர் உறுப்பினர் பொறுப்பேற்கட்டும். மதுரைப் பந்தயத் திடல் சாலையிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கை நம் சிற்றூர்ப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் உள்ளே சென்று காணட்டும். போட்டிகளில் பெறும் சான்றிதழ்களைப் பிள்ளைகள் தொலைத்துவிடாதபடி படிப்பகத்தில் ஒரு கோப்பில் பாதுகாக்கட்டும். பெண்பிள்ளைகளுக்கும் இதே களம், இதே நேரம், இதே பந்து வழங்கப்படட்டும். பெண்கள் கால்பந்தில் தமிழ்நாட்டு அணி இந்திய வாகை சூடிய மாநிலம் இது என்பதைப் பெற்றோர் உணரட்டும்.

இளைஞர்களே! உங்களில் எல்லோரும் விஜயன் ஆக முடியாது. ஆக வேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. இலட்சத்தில் ஒருவர்க்கே நாட்டுக் கொடியைத் தாங்கி ஆடும் பேறு வாய்க்கும். ஏனைய அனைவர்க்கும் கால்பந்து வேறொன்றைத் தரும். நிமிர்ந்த உடல், நேரம் தவறாமை, தோழனுக்குப் பந்தைக் கொடுத்து அவன் கோல் அடிக்க மகிழும் மனம், நடுவரின் முன் அனைவரும் சமம் என்னும் பழக்கம் ஆகியவை அவை. களத்தில் சமமாக ஆடிப் பழகியவன் தெருவில் குனிந்து நடக்க மாட்டான். அவனைக் குனியச் சொல்பவனும் ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்ப்பான்.

அவரைப் போன்ற பிள்ளைகளுக்கு ஏடும் பந்தும் ஒருங்கே கிடைக்கும் நாளை இச்சங்கம் தன் பொன்விழாவுக்குள் கொண்டுவந்து காட்டட்டும். அதற்கு இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் உள்ளன. இன்று பிறக்கும் பிள்ளை ஆடிப் படித்து ஆளாவதற்கு அது போதிய காலமே.

வளர்க நம் கல்விச் சங்கம்! வெல்க நம் இளைஞர் முயற்சி!